தொண்ணூறு போதும்

மார்ச் 14, சனி.

நேற்று செய்முறை வகுப்பில் ஒரு தப்பு செய்தேன். பொம்மை நோயாளியின் தொண்டைக் குழாயிலிருந்து சளி உறிஞ்சி எடுக்கும் பயிற்சி. உறிஞ்சும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையில் ஒரு பழக்கம். நமக்கு முட்டும்போது நோயாளிக்கும் முட்டும், உடனே குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். நான் எனக்கு முட்டுவதற்கு வெகு முன்பே எடுத்துவிட்டேன். சளி பாதி அங்கேயே நின்றது. "பொம்மைக்கே இவ்வளவு பயப்படறியே, மனுஷங்ககிட்ட என்ன பண்ணுவே?" என்றார் மேடம். ஒரு மதிப்பெண் போயிற்று. பொம்மை ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் வீட்டு நிலவரத்தை எழுதிவிட்டுத்தான் அன்றைய நாளுக்கு வருவேன். இன்றும் அப்படியே.

அப்பா: மரச்சாமான் பட்டறையில் ஆயுசு முழுவதும் வார்னிஷ் அடித்தவர். அந்தப் புகையும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார், கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. அம்மா: துணி அளவு திருத்தித் தைத்துக் கொடுப்பவள். அப்பா வந்ததிலிருந்து கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன்: தெருமுனையில் டயர் கடை. போன ஞாயிறு, "படிப்பை நிறுத்திட்டு அப்பாவைப் பார்த்துக்க" என்றான். நான் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அன்றிலிருந்து அவன் என்னுடன் பேசுவதில்லை. எதிரில் நின்றாலும் அம்மா வழியாகத்தான் சேதி வரும்.

நான்: பகலில் கண்ணாடிக் கடை. மாலையில் கல்லூரி, ரெஸ்பிரேட்டரி தெரபி பட்டப்படிப்பு, இரண்டாம் வருடம். மூச்சுவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்கு மெஷினும் மருந்தும் பயிற்சியும் கொண்டு உதவுகிற வேலை. "அந்தப் பேரை முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நமக்கே மூச்சு வாங்குது" என்பான் அண்ணன், பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

இன்று மாலை கல்லூரி ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டிலோரப் பரீட்சை. நிஜ நோயாளி, நிஜ மெஷின். தேறினால்தான் மூன்றாம் வருடம்.

இதை அதே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் பரீட்சை நடக்கும் மாடியில் இல்லை. கீழே, அவசரப் பிரிவின் வெளி நடையில்.

*

மத்தியானம் கடையில் ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடி நழுவாமல் இருக்கக் காதுக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அழைப்பு வந்தது. குரலில் ஒரே குதூகலம்.

"தொண்ணூத்தேழு!"

"என்னம்மா தொண்ணூத்தேழு?"

"அப்பாவோட கிளிப்பு. விரல்ல மாட்டினேன், தொண்ணூத்தேழு காட்டுது. நீ கூட எந்தப் பரீட்சையிலயும் இவ்வளவு வாங்கினதில்லை."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உள்ளே ஏதோ உறுத்தியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும் அந்தக் கிளிப்பு, நேற்று வரை எண்பத்தொன்பது, தொண்ணூறு என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதும் அதுதான்: இவருக்குத் தொண்ணூறு போதும், மெஷினை நிமிஷத்துக்கு இரண்டு லிட்டரில் வையுங்கள், கூட்டாதீர்கள். அந்தப் 'போதும்' அம்மாவின் காதில் பாஸ் மார்க்காக விழுந்திருக்கிறது. பாஸ் மார்க்குக்கு மேலே வாங்கினால் யாருக்குத்தான் கசக்கும்?

"அப்பா என்ன பண்றார்?"

"நல்லாத் தூங்கறார். காலையில தலை வலிக்குதுன்னார். அப்புறம் படுத்தவர்தான். முகம் கூட நல்லா செவசெவன்னு தெளிஞ்சிருக்கு."

தலைவலி. தூக்கம். சிவந்த முகம். போன மாதப் பாடத்தில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன.

நான் என்னையே அடக்கிக்கொண்டேன். இரண்டாம் வருட மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படித்த நோயெல்லாம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இருப்பதாகத் தோன்றும். பஸ்ஸில் பக்கத்தில் இருமினவருக்குக் கூட நான் மனசுக்குள் மூன்று நோய் சொல்லியிருக்கிறேன், மூன்றும் தப்பாக இருந்திருக்கும்.

"அம்மா, அவரை எழுப்பிப் பாரு."

"அசந்து தூங்கறவரை எதுக்குடி எழுப்பறது?"

"சும்மா எழுப்பும்மா."

அம்மா போனைக் கையில் வைத்தபடியே போனாள். கட்டில் கிரீச்சிட்டது. "ஏங்க… ஏங்க…" என்று நாலைந்து முறை. பிறகு அப்பாவின் குரல், நாக்கு தடித்தது மாதிரி. அம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"என்னை அவங்க அக்கான்னு நினைச்சுக்கிட்டார். சாவி எங்கன்னு கேக்கறார். தூக்கக் கலக்கம்."



"மெஷின் எத்தனையில இருக்கு?"

"மெஷினா? அதுதான் இல்லையே. காலையில அண்ணன் ஒரு பெரிய சிலிண்டர் கொண்டாந்து மாட்டிட்டான். மெஷின் சத்தம் இல்லாம வீடே அமைதியா இருக்கு."

"எவ்வளவு திறந்து வெச்சிருக்கான்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? காத்து அவன் தொழிலாச்சே."

"அம்மா, அவன் பக்கத்துல இருந்தா, ரெண்டுக்குக் குறைக்கச் சொல்லு. உடனே."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாக: "குறைக்கவா? மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்குக் காத்தைக் குறைக்கத்தான் ரெண்டு வருஷம் படிச்சாளா? கேளும்மா."

பெரியவர் கண்ணாடியில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வளைத்த கம்பியோடு கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். "என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். "அதிகமாத் தூங்கறார்" என்றேன். "தூங்கறாரா?" என்றது அந்தப் பக்கம். பிறகு அவரது நோயையும் சிலிண்டரையும் சொன்னேன். முகவரி கேட்டார்கள்.

*

அப்பாவின் கட்டில் பக்கத்தில் அந்தச் சிலிண்டர் ஆள் உயரத்துக்கு நின்றது. சாய்ந்துவிடாமல் அண்ணன் டயர் கட்டும் பெல்ட்டால் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தான். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. அளவு காட்டும் கண்ணாடிக் குழலில் குண்டு உச்சிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டுக்குப் பதில் எட்டு.

அப்பாவின் நெற்றியில் வியர்வை. கையைத் தொட்டேன், வழக்கத்தைவிடச் சூடு. மூச்சு மெதுவாக, மேலோட்டமாக வந்தது. நேற்று வரை தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியவர், இப்போது அந்தச் சிரமம்கூடப் படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அப்பா, ரெண்டு கையையும் நீட்டுங்க. வண்டியை நிறுத்தற மாதிரி உள்ளங்கையை முன்னாடி காட்டுங்க."

அரைக்கண் திறந்து நீட்டினார். விரல்கள் நிற்கவில்லை. விழுந்து விழுந்து எழுந்தன, ஈர மரத்தில் உட்கார்ந்த பறவை சிறகை உதறுவது போல. வகுப்பில் காணொளியாகப் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் இதுதான் முதல் தடவை. என் அப்பாவின் கையில்.

நான் சிலிண்டர் திருகை நோக்கிக் கையை நீட்டினேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றான். சட்டைப்பையில் ஸ்பானர்.

"தொடாதே." ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"அண்ணா, இவருக்கு உள்ள போற காத்து பிரச்சினை இல்லை. வெளிய போகாத காத்துதான் பிரச்சினை. ரொம்ப வருஷமா இவர் உடம்பு குறைஞ்ச ஆக்சிஜனுக்குப் பழகியிருக்கு. அளவுக்கு மேல கொடுத்தா, கெட்ட காத்து உள்ளயே தங்கி மூளையை மயக்குது. இது தூக்கம் இல்லைண்ணா, மயக்கம்."

"மயக்கமா? நேத்து ராத்திரி பூரா உக்காந்து மூச்சு வாங்கினாரே, அதை நீ பார்த்தியா? நீதான் புஸ்தகத்தைக் கட்டிக்கிட்டு அந்த ரூம்ல இருந்தே. நான் பார்த்தேன். இன்னிக்குத்தான் மனுஷன் நிம்மதியா இருக்கார்."

"டயர்ல அளவுக்கு மேல காத்தடிப்பியா நீ?"

"டயருக்கும் மனுஷனுக்கும் என்னடி சம்பந்தம்?"

அவன் சொன்னது சரி. என் உவமை தப்பு. மேடம் கேட்டிருந்தால் இன்னொரு மதிப்பெண் போயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தாள். அவள் கையில் கிளிப்பு. முகத்தில் இருந்த குதூகலம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"நீ சொல்றது உறுதியா?"

உறுதி என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. பாடத்தில் இருக்கிறது, அறிகுறி பொருந்துகிறது, ஆனாலும் ரத்தத்தை எடுத்துப் பார்க்காமல் யாரால் உறுதி சொல்ல முடியும்? குறைத்துவிட்டு அவருக்கு ஏதாவது ஆனால்? அந்தத் திருகைத் திருப்பிய கையோடு நான் வாழ்நாள் முழுக்க என்ன செய்வேன்?

"முழுசா உறுதின்னு சொல்ல முடியாதும்மா. அப்படித்தான் இருக்கும்னு தோணுது."

"கேட்டுக்கிட்டியா!" என்றான் அண்ணன்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இவ நிச்சயம்னு அடிச்சுச் சொன்னதெல்லாம் சின்ன வயசிலேர்ந்து தப்பாத்தான் போயிருக்கு. பயந்து பயந்து சொன்னது எதுவும் தப்பினதில்லை." அண்ணன் பக்கம் திரும்பினாள். "தள்ளு. அவ குறைக்கட்டும்."

அண்ணன் தள்ளவில்லை. என் கையைப் பார்த்தான். 

"நீ தொட்டா ஒரேயடியா மூடிடுவே. நானே திருப்பறேன். எவ்வளவு?"

"மெதுவா. முதல்ல நாலு. நம்பரைப் பார்த்துட்டு அப்புறம் இன்னும்."

அவன் விரல்கள் திருகைத் தொட்டன. வருடக்கணக்கில் காற்றோடு புழங்கிய விரல்கள். குண்டு மயிரிழை மயிரிழையாக இறங்கியது. அம்மா அப்பாவின் விரலில் கிளிப்பை மாட்டி உரக்கப் படித்தாள். தொண்ணூத்தாறு. தொண்ணூத்தஞ்சு. ஒவ்வொரு எண்ணும் குறையும்போது அவள் குரலும் ஒரு படி இறங்கியது, பிள்ளையின் மார்க் ஷீட்டைப் படிக்கிற மாதிரி.

"இன்னும் கொஞ்சம், அண்ணா. மூணு. இப்ப ரெண்டு."

"தொண்ணூத்திரண்டு… தொண்ணூறு…"

"போதும். அப்படியே விடு."

"எண்பத்தெட்டு" என்றாள் அம்மா.

அண்ணனின் கை தானாகத் திருகுக்குப் போனது. "இருண்ணா" என்றேன். "எண்பத்தேழு" என்றாள் அம்மா. "இறங்கிக்கிட்டே போகுதுடி!" அவன் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். திருப்பப் பார்த்து அவனும், திருப்பவிடாமல் நானும், இருவரும் ஒரே திருகைப் பிடித்தபடி நின்றோம். அவன் மூச்சு என் கன்னத்தில் பட்டது. கிளிப்பின் சிவப்பு விளக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"எண்பத்தொன்பது" என்றாள் அம்மா. பிறகு எண் அங்கேயே நின்றது.

*

ஆம்புலன்ஸ்காரர் உள்ளே வந்ததும் கிளிப்பைப் பார்த்தார். எண்பத்தொன்பது. உடனே பையிலிருந்து பெரிய மாஸ்க்கை எடுத்து, சிலிண்டரை முழுதாகத் திறக்கப் போனார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

"வேண்டாங்க. இவருக்கு எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்திரண்டுக்குள்ள இருந்தாப் போதும். காலையிலேர்ந்து எட்டு லிட்டர் போயிருக்கு. கரியமில வாயு ஏறியிருக்கும்னு நினைக்கறேன்."

"நீங்க யாரு? நர்ஸா?"

"இல்லைங்க. படிச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டாம் வருஷம்…"

என் குரல் தேய்ந்து போயிற்று. அவர் மாஸ்க்கைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அவ சொல்றதைக் கேளுங்க சார்" என்றான் அண்ணன். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவன் தூக்கியாயிற்று. "கூட்டி வெச்சது நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன்."

ஆம்புலன்ஸ்காரர் அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கி, அளவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மாஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டு, அப்பாவின் மூக்கில் ஏற்கெனவே மாட்டியிருந்த மெல்லிய ஆக்சிஜன் குழாயோடே வண்டியில் ஏற்றினார்.

*

அவசரப் பிரிவில் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு வந்து, கரியமில வாயு இருக்கவேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது என்றார். "ஆக்சிஜனைக் குறைக்காம வந்திருந்தா இந்நேரம் தொண்டையில குழாய் போட்டிருப்போம்." பாராட்டாகச் சொல்லவில்லை. அடுத்து என்ன என்று யோசிக்கிற குரலில் சொன்னார்.

அடுத்தது ஒரு மாஸ்க். மூக்கையும் வாயையும் மூடி, பட்டையால் தலைக்குப் பின்னால் இறுக்கி, மெஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொடுக்கும். கெட்ட காற்று வெளியே வர உதவும். அதை மாட்ட வந்தவர் எங்கள் மேடம்.

"பரீட்சை மாடியிலன்னு சொன்னேனே, நீ இங்க என்ன…" என்று ஆரம்பித்தவர், கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் மாறியது.

"அப்பாவா?"

"ஆமா மேடம்."

"சரி. இங்க நீ மாணவி இல்லை, மகள். மெஷின் பக்கம் கை போகக் கூடாது. புரிஞ்சுதா?"

அப்பா மாஸ்க்கைப் பிய்த்துப் போட்டார். மேடம் பொறுமையாக மறுபடி வைத்தார். மறுபடி பிய்த்தார். அரை மயக்கத்தில் இருப்பவர் முகத்தில் காற்று சீறினால் மூச்சை அடைப்பது போலத்தான் இருக்கும். அண்ணன் அவர் கைகளை அழுத்திப் பிடித்தான். அப்பா உடம்பை முறுக்கிக்கொண்டு திமிறினார்.

"பிடிக்காதீங்க, இன்னும் பயப்படுவார்" என்றார் மேடம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். மாஸ்க் நிற்காவிட்டால் குழாய்.

என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பட்டையைப் போடாமல் முதலில் கையால் முகத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், அவர் பழகின பிறகு கட்ட வேண்டும். மேடமே சொல்லிக்கொடுத்தது. மேடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனாலும் அப்பாவின் தலை ஒரு நிலையில் நிற்கவில்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கையையும் அப்பாவின் தோளில் வைத்தாள்.

"ஆடாதீங்க! அளவெடுக்கறப்போ ஆடினா நான் எப்படித் தைக்கறது?"

அப்பா நின்றார்.

கழுத்தை நேராக்கி, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, தோளைத் தளர்த்தி அப்படியே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட சட்டையெல்லாம் அம்மா தைத்ததுதான். ஒவ்வொன்றுக்கும் இந்த அதட்டலைக் கேட்டிருக்கிறார். மயக்கத்திலும் அது எட்டியிருக்கிறது.

மேடம் மாஸ்க்கைப் பொருத்தினார். பட்டை ஒட்டியது. காற்று உள்ளே போயிற்று, மார்பு உயர்ந்தது. "அப்படியே பேசிக்கிட்டே இருங்கம்மா" என்றார் மேடம்.

அம்மாவும் பேசிக்கொண்டே இருந்தாள். கை நீளம் கூடிவிட்டது, தொந்தி குறைந்துவிட்டது, பழைய சட்டையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டும் என்று. திரையில் தொண்ணூறு என்று வந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, "போதும்மா, இவருக்குத் தொண்ணூறு போதும். யாரும் கூட்டிடாதீங்க" என்று எச்சரித்தாள். நர்ஸ் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

*

டாக்டர் என்னையும் அண்ணனையும் வெளியே அழைத்தார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். இறங்கலைன்னா குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும். ஒளிக்காமச் சொல்றேன், இவர் நுரையீரல் இருக்கிற நிலைமைக்கு, போட்ட குழாயைத் திரும்ப எடுக்கறது கஷ்டமாப் போகலாம். இதைப் பத்தி அவர் எப்பவாவது வீட்டுல பேசியிருக்காரா?"

"இல்லை" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் போனதும் தண்ணீர் மெஷின் பக்கம் நடந்தான். நானும் பின்னால் போனேன். காகிதக் கப்பில் தண்ணீர் பிடித்தான், குடிக்கவில்லை.

"போன தடவை ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? வாயில குழாயோட."

"ம்."

"ஒரு நாள் அப்பா அவரையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்னை இப்படிப் படுக்க வெச்சுடாதேடா'ன்னார். நான் சரின்னு சொல்லிட்டேன்." கப்பு அவன் கையில் நசுங்கித் தண்ணீர் வழிந்தது. "அதனாலதான் சிலிண்டர் கொண்டாந்தேன். வீட்டுலயே நிறையக் காத்து இருந்தா, இங்க வரவே வேண்டாமேன்னு பார்த்தேன். இப்ப நானே கொண்டாந்து நிறுத்திட்டேன்."

 கேட்டுவிட்டேன்: "அது பயத்துல சொன்னதா, தீர்மானமாச் சொன்னதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் டயர்க்காரன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ அந்தக் குழாயைப் பார்த்துக்கத்தானே படிக்கறே? உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

உண்மைதான். அடுத்த வருடப் பாடம் முழுவதும் அந்தக் குழாயும் வென்டிலேட்டரும்தான். அதனால் பிழைத்து வீட்டுக்கு நடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். போகாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்பா எந்தப் பக்கம் என்று என் படிப்பு எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. மேடமுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றான்.

"சொல்லாம எப்படிண்ணா? நாளைக்குக் குழாய் போடறதுக்குக் கையெழுத்துக் கேட்டா அம்மாகிட்டதான் நீட்டுவாங்க. அவ ஒரு நொடி யோசிக்காம போட்டுடுவா."

"போடட்டுமே!" என்றான். உடனே, "ஐயோ, வேண்டாம்" என்றான். இரண்டையும் ஒரே மூச்சில். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் உடையில் ரப்பர் வாசனை அடித்தது.

*

இரண்டாவது ரத்த முடிவு வந்துவிட்டது. இறங்கியிருக்கிறது, கொஞ்சம்தான். ராத்திரி முழுக்க மாஸ்க் இருக்கட்டும், காலையில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"இப்படியே போனா காலையில தெளிவாயிடுவார். அப்ப குழாய் விஷயத்தை அவர்கிட்டயே கேட்டுடுங்க. அதுக்கு முன்னாடி மோசமானா, நீங்கதான் முடிவு சொல்லணும்."

பரீட்சை வைக்க மாடிக்குப் போயிருந்த மேடம் இறங்கி வரும்போது அது முடிந்திருந்தது. எனக்கு மறுபடி வைப்பார்களா என்று துறைத்தலைவரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போகாமல் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளு."

"நோயாளிகிட்ட குழாய் வேணுமா வேண்டாமான்னு எப்படிக் கேக்கறது? அதைப் பாடத்துல சொல்லலையே."

அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பயமுறுத்தாமல் கேள், ஆனால் மறைக்காமல் கேள் என்றார். குழாய் என்றால் என்ன, எதற்கு, எடுக்க முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல். அவர் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதே. அழுகை வந்தால் அழு, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. பிறகு, "உங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியணும். கட்டில் பக்கத்துல வெச்சு முதல் தடவையாக் கேக்கக் கூடாது" என்றார்.

கண்ணாடிக் கதவு வழியாக அம்மா தெரிகிறாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பா பதில் சொல்ல முடியாது. அவர் விரல் மட்டும் அவள் கைமேல் அசைகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் என் பக்கத்தில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறான், தூங்கவில்லை.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"உள்ள போகலாம். ரெண்டு பேருமே" என்றான். ஆனால் இன்னும் எழுந்திருக்கவில்லை. இருவருமே எழுந்திருக்கவில்லை.

நாளைய வேலை: காலையில் ரத்தம் எடுக்க மாஸ்க்கைச் சற்று விலக்கும்போது, அம்மாவும் அண்ணனும் கூட நிற்க, தொண்டையில் குழாய் போடச் சம்மதமா இல்லையா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்பவள் நான். அவர் என்ன சொன்னாலும், அதை மாற்றாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.